சிலபஸை வாசித்துக் காட்டுவதா, தேட விடுவதா?

இளங்கலை வரலாறு முதலாண்டுக்குத் தமிழக வரலாறு எடுக்கிறேன். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள்தான் வகுப்பில் பாதிக்குமேல். பலருக்கு வீட்டில் கல்லூரிப் படியேறியவர்கள் யாருமில்லை. சிலபஸை இவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க நான்கு வழிகளைச் செய்து பார்த்துவிட்டேன்.

முதல் நாளே ஐந்து யூனிட்டையும் வாசித்துவிடுவது பழைய வழி. இருபது நிமிடத்தில் முடியும். ஆனால் கலந்தாய்வு சுற்றுச் சுற்றாக நடப்பதால் சேர்க்கை வாரக்கணக்கில் நீளும். பிந்தி வருகிற பையனுக்கு அந்த இருபது நிமிடம் கிடைக்காது. அன்று வந்தவர்களுக்கும் புது இடம், புது முகங்கள். காதில் எதுவும் நிற்காது.

வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் போட்டால் எல்லாருக்கும் போகும், தொலையாது. அவ்வளவுதான் அதன் பயன்.

மூன்றாவது வழியில் எனக்கு நம்பிக்கை அதிகம். நான்கு பேருக்கு ஒரு நகல் கொடுத்து, கேள்விகளுக்கு விடை தேடச் சொல்வேன். இன்டர்னல், அதாவது செமஸ்டர் நடக்கும்போதே கல்லூரி போடும் மதிப்பெண், 25; அது எதிலிருந்தெல்லாம் வருகிறது? கல்வெட்டு எந்த யூனிட்டில் இருக்கிறது? முடிந்ததும் புரியாததைத் துண்டுச்சீட்டில் பெயர் போடாமல் எழுதித் தர வேண்டும். ஒருமுறை வந்த சீட்டு: “இன்டர்னல்னா என்ன சார்?” வாசித்துக் காட்டிய வருடங்களில் இதை யாருமே கேட்டதில்லை, தெரிந்ததால் அல்ல, கூச்சத்தால். அரியர் விழுந்தால் பரீட்சையைத் திரும்ப எழுதலாம். எங்கள் கல்லூரியில் இன்டர்னலில் விட்டது விட்டதுதான். அதை ஒரு பிள்ளை செமஸ்டர் முடிவில் தெரிந்துகொள்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இதற்கு ஒரு முழு வகுப்பு போகும், சத்தமும் இருக்கும். போகட்டும்.

நான்காவது, சிலபஸையே எடுக்காமல் பாடத்தின் கேள்வியில் தொடங்குவது. “நம்ம ஊரு எவ்வளவு பழசு? எப்படித் தெரியும்?” என்று கேட்பேன். மதுரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கீழடி. 2014-15ல் அகழாய்வு தொடங்கியது. 2019-ல் மாநிலத் தொல்லியல் துறை அதன் காலத்தை கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோனது. மேலூர்ப் பிள்ளைகளுக்கு மாங்குளம் குகைக் கல்வெட்டைச் சொல்வேன்; பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர், தமிழின் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில் அங்கே இருக்கிறது. அதற்குப்பின் சிலபஸைத் திறந்தால், யாருக்கும் பிடிக்காத முதல் யூனிட்டான ‘வரலாற்றுச் சான்றுகள்’ அவர்கள் கேட்ட கேள்விக்கு விடையாக நிற்கிறது. ஆனால் மதிப்பெண், தேதி எதுவும் இதில் தெரியாது. இதை மட்டும் நம்ப முடியாது.

அதனால் இப்போது முதல் நாள் கீழடி. சேர்க்கை ஓரளவு அடங்கியபின் தேடல் வகுப்பு. பிந்தி வருகிறவர்களை ஏற்கெனவே தேடி முடித்த குழுவில் சேர்த்து, அந்தப் பிள்ளைகளையே சொல்லிக்கொடுக்க விடுகிறேன். இன்டர்னல் தேதிகளை நோட்டின் முதல் பக்கத்தில் ஒவ்வொருவரும் தங்கள் கையாலேயே எழுதிக் காட்ட வேண்டும்.