வார்ட்டனா, ஃபோல்க்கா?

1894-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் யுனைடெட் கால்பந்து அணிக்கு இரண்டு கோல்கீப்பர்கள். இன்றைய கானாவின் அக்ராவில் பிறந்த கறுப்பின வீரர் ஆர்தர் வார்ட்டன் ஒருவர். சுரங்க ஊர் அணியிலிருந்து அப்போதுதான் வந்த இளைஞர் வில்லியம் ஃபோல்க் இன்னொருவர். அவர்களுக்கு முன்னால் நடுக்களத்தில் ராப் ஹவெல். 1895-ல் இங்கிலாந்துக்கு ஆடிய முதல் ரோமானி (ஐரோப்பிய நாடோடி இன) வீரர். அந்தக் காலத்துக்கு விசித்திரமான அணிதான்!

வேகம் என்றால் வார்ட்டன். 1886-ல் நூறு கஜத்தைப் பத்தே வினாடியில் ஓடி தேசியப் பட்டம் வென்றவர். குறுக்குக் கம்பத்தில் தொங்கிக்கொண்டு கால்களுக்கிடையே பந்தைப் பிடித்தார் என்று பார்த்தவர் ஒருவர் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். கூட்டம் கொண்டாடியிருக்கும், பயிற்சியாளருக்கு வயிறு கலங்கியிருக்கும்.

ஃபோல்க் வேறு ரகம். நெடிய உருவம், பின்னாளில் 127 கிலோவுக்கு மேல் எடை. பந்து கையில் இருக்கும்போது கோல்கீப்பரைத் தோளால் இடித்துத் தள்ளலாம் என்று விதியே அனுமதித்த காலம் அது. அதில் இந்த உடம்பு பெரிய சொத்து.

அணி ஃபோல்க்கைத்தான் நம்பியது. வார்ட்டனுக்குச் சில ஆட்டங்களே கிடைத்தன. 1898-ல் லீக் பட்டம், 1899, 1902-ல் இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பை என்று பார்த்தால் கணக்கு சரிதான். ஆனால் டிக்கெட் வாங்கிப் பார்ப்பதென்றால், சரி, நான் வார்ட்டன் ஆடும் நாளில்தான் போவேன்.