முட்டி வலிக்கு அஞ்சு அட்டை: எந்த உடம்புக்கு எது?

கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன ஊரில் மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக நிற்கிறேன். காலையில் கடை திறந்ததும் வருகிறவர்களில் முட்டி வலிக்காரர்கள்தான் அதிகம். அவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்வி. "தம்பி, இதைவிடப் பவர் ஜாஸ்தியா வேற ஏதும் இருக்கா?"

டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், நாப்ராக்சென், எட்டோரிகாக்சிப், செலிகாக்சிப். டாக்டர் சீட்டில் மாறி மாறி வரும் பெயர்கள் இவை. உரிய அளவில் சாப்பிட்டால், வலியைக் குறைப்பதில் இவற்றுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. ஒருவருக்கு ஒன்று கேட்கும், அடுத்த வீட்டுக்காரருக்கு வேறொன்று கேட்கும், அவ்வளவுதான். செருப்பு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே நடப்பதற்குத்தான், எது எங்கே கடிக்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்று வயிற்றில் கடிக்கும், ஒன்று நெஞ்சில் கடிக்கும், கிட்னியில் எல்லாமே கடிக்கும்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். வயது 68, இரண்டு முட்டியிலும் தேய்மானம். பிரஷருக்கு டெல்மிசார்டானும் நீர் மாத்திரையும் சேர்ந்த ஒரே மாத்திரை, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், நெஞ்சுக்காக ஆஸ்பிரின் 75. போன வருடம் இவற்றோடு அசெக்ளோஃபினாக்-பாராசிட்டமால் சேர்ந்தது. பிறகு பல் வலிக்குப் போன இடத்தில் டைக்ளோஃபினாக் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தார். பெயரும் நிறமும் வேறாக இருந்ததால் வேறு வேறு மருந்து என்று நினைத்துவிட்டார். அவர் மாத்திரை டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இந்த அலசலைச் செய்கிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை

உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்று ஒரு பொருள் சுரக்கிறது. மூட்டில் வலியும் வீக்கமும் உண்டாக அதற்குப் பங்கு உண்டு. அதே பொருள்தான் இரைப்பையின் உள்சுவரைக் காக்கிறது, கிட்னிக்குப் போகும் ரத்தக் குழாயை விரித்தும் வைக்கிறது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் இந்தச் சுரப்பைத் தடுக்கின்றன என்று 1971இல் பிரிட்டன் விஞ்ஞானி ஜான் வேன் காட்டினார். 1982இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். இதைத் தயாரிக்கும் நொதி இரண்டு வகை, காக்ஸ்-1, காக்ஸ்-2 என்று பிற்பாடு தெரிய வந்தது. வயிற்றைக் காப்பது பெரும்பாலும் முதலாவது, வீக்கத்தில் ஓங்கி நிற்பது இரண்டாவது. அப்படியானால் இரண்டாவதை மட்டும் அடக்கினால் வயிறு தப்பிக்குமே என்று வந்தவைதான் 'காக்சிப்' குடும்பம்.

வயிறு தப்பித்தது, நெஞ்சு மாட்டிக்கொண்டது. 1999இல் அமெரிக்காவில் ரோஃபிகாக்சிப் வந்தது, வயாக்ஸ் என்ற பெயரில். மாரடைப்பும் பக்கவாதமும் அதிகமாவது தெரிந்ததும் 2004 செப்டம்பரில் தயாரித்த மெர்க் நிறுவனமே சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. 'காக்சிப் என்றால் ஹார்ட்டுக்கு ஆகாது' என்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான். ஆனால் பழைய மாத்திரைகள் எல்லாம் யோக்கியம் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

டைக்ளோஃபினாக்கும் அதன் தம்பியும்

நம் ஊரில் அதிகம் பழகிய பெயர் டைக்ளோஃபினாக்தான். விலை மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். 50 மி.கி. மாத்திரை தினம் இரண்டு அல்லது மூன்று, உச்ச வரம்பு 150 மி.கி. நன்றாகவே கேட்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் 2013இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, பல நூறு சோதனைகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தது. அதிக அளவு டைக்ளோஃபினாக், காக்சிப்களைப் போலவே, மாரடைப்பு உள்ளிட்ட பெரிய ரத்தக் குழாய் விபத்துகளை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட்டுகிறது என்று தெரிந்தது. அதே ஆண்டு ஐரோப்பிய மருந்து முகமை, இதய நோய், பக்கவாதம், கால் ரத்தக் குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டது.

அசெக்ளோஃபினாக் 'வயிற்றுக்கு இதமானது' என்ற பெயரோடு வந்தது. அந்தப் பெயரில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் அது டைக்ளோஃபினாக்கின் உறவுக்கார மூலக்கூறு. உடலுக்குள் போனதும் அதில் ஒரு பகுதி டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது. அதனால் இதயம் பற்றிய அதே தடை ஐரோப்பாவில் இதற்கும் பொருந்தும். பெரியம்மா சாப்பிட்டது அண்ணனையும் தம்பியையும் ஒன்றாக.

இந்த உறவை நம் நாட்டில் முதலில் உணர்ந்தவை பாறுக் கழுகுகள். டைக்ளோஃபினாக் ஊசி போட்ட மாடு இறந்து, அதைத் தின்ற கழுகுகள் கிட்னி செயலிழந்து கூட்டம் கூட்டமாக விழுந்தன. 2006இல் கால்நடைக்கு டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. மாட்டின் உடம்பில் அசெக்ளோஃபினாக்கும் டைக்ளோஃபினாக்காக மாறுகிறது என்பதால் 2023இல் அதற்கும் தடை வந்தது. கழுகுக் கிட்னி வேறு, நம் கிட்னி வேறுதான். ஆனாலும் 'வெறும் வலி மாத்திரைதானே' என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கழுகுகள்தான் ஞாபகம் வரும்.

அட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள். அசெக்ளோஃபினாக்கோடு பாராசிட்டமால் 325, சிலதில் வீக்கத்துக்கென்று செராசியோபெப்டிடேஸ் என்ற நொதி, சிலதில் தையோகோல்ச்சிகோசைடு என்று மூன்று சேர்ந்திருக்கும். செராசியோபெப்டிடேஸ் சேர்ப்பதால் மூட்டுக்குப் பெரிதாக ஏதும் கிடைக்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. தையோகோல்ச்சிகோசைடு திடீர்த் தசைப்பிடிப்புக்கு ஒரு வாரம் கொடுப்பது, மாதக் கணக்கில் விழுங்குவதற்கு அல்ல. காய்ச்சலுக்கென்று தனியாகப் பாராசிட்டமால் போடுகிறவர்கள் இந்த 325ஐக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

நாப்ராக்சென்: நெஞ்சுக்கு நல்ல பிள்ளை, வயிற்றுக்கு இல்லை

மேலே சொன்ன தொகுப்பாய்வில் இதய ஆபத்தைக் கூட்டாததாகத் தெரிந்தது நாப்ராக்சென். 250 அல்லது 500 மி.கி. வீதம் தினம் இரண்டு வேளை போதும், ரத்தத்தில் நீண்ட நேரம் நிற்கும். குறை, வயிறு. புண், ரத்தக்கசிவு இரண்டிலும் இது முன்வரிசை. எங்கள் பக்கம் சீட்டில் வரும் நாப்ராக்சென் பாதிக்கு மேல், வாந்தியை அடக்கும் டோம்பெரிடோன் சேர்த்த ஒற்றைத் தலைவலி மாத்திரை. முட்டிக்கு அந்த டோம்பெரிடோன் தேவையில்லை, வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு விஷயத்தில் அது தனித் தொந்தரவு. கேட்டு வாங்கும்போது நாப்ராக்சென் மட்டும் உள்ளதா என்று பாருங்கள்.

ஐபுபுரூஃபெனைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பல் வலிக்கு, சுளுக்குக்குச் சரி. தினசரி ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் சிக்கல். ஆஸ்பிரின் போய் உட்கார வேண்டிய இடத்தில் இது முந்திக்கொண்டு உட்கார்ந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் வேலையைக் கெடுத்துவிடும். பிரஷரையும் ஏற்றும்.

காக்சிப் இரண்டு, குணம் வேறு

எட்டோரிகாக்சிப் தினம் ஒரே ஒரு மாத்திரை என்பதால் எல்லாருக்கும் பிடிக்கும். 60, 90, 120 என்று மூன்று பவர். கடையில் '120 கொடுங்க' என்று கேட்கிறவர்களிடம் நான் கொஞ்சம் வாக்குவாதம் செய்வது வழக்கம். மூட்டுத் தேய்மானத்துக்கு உச்ச அளவு 60. முடக்குவாதத்துக்கு 60, தேவைப்பட்டால் 90. 120 என்பது யூரிக் அமில வாதம் திடீரென்று தாக்கும்போது, அதுவும் 8 நாளைக்கு மிஞ்சாமல். இது பிரஷரை நன்றாக ஏற்றும். 140/90க்கு மேலேயே நின்று கட்டுக்குள் வராதவர்களுக்கு இது கூடாது. அமெரிக்காவில் இதற்கு இன்றுவரை அனுமதி இல்லை.

செலிகாக்சிப் நம் ஊரில் அவ்வளவாகப் புழங்குவதில்லை. எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்த்த சோதனைகள் இதற்குத்தான் நிறைய இருக்கின்றன. 2016இல் வந்த பிரசிஷன் ஆய்வில் இதய ஆபத்து உள்ள 24,000 மூட்டு நோயாளிகளைச் செலிகாக்சிப், நாப்ராக்சென், ஐபுபுரூஃபென் என்று மூன்றாகப் பிரித்தார்கள். இதய விஷயத்தில் செலிகாக்சிப் மற்ற இரண்டைவிட மோசமில்லை, வயிற்றுக்கு இரண்டையும்விட நல்லது என்று முடிந்தது. ஆனால் இரண்டு விஷயத்தை மறக்கக் கூடாது. அதில் கொடுத்தது மிதமான அளவு, சராசரியாகத் தினம் 200 மி.கி.யை ஒட்டி. மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் நடுவிலேயே மாத்திரையை நிறுத்தியும்விட்டார்கள். ஆகவே இது 200க்கான நற்சான்று, 400க்கு அல்ல. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

கேஸ் மாத்திரை சேர்த்தால் சரியா?

'வயிற்றுக்குத்தான் கேஸ் மாத்திரை போடுகிறேனே' என்பார்கள். எந்தக் கேஸ் மாத்திரை? செரிமானப் பொடியும் பாட்டில் சிரப்பும் எரிச்சலை அடக்கும், புண்ணைத் தடுக்காது. ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகைதான் உண்மையில் காவல். அதையும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட வேண்டும். அந்தக் காவலும் இரைப்பையோடு சரி, குடலுக்குள் போகாது. ஹாங்காங்கைச் சேர்ந்த மருத்துவர் பிரான்சிஸ் சான் தலைமையில் 2010இல் வந்த ஒப்பீட்டில், டைக்ளோஃபினாக்கோடு ஒமெப்ரசோல் சேர்த்தவர்களில் 3.8 சதவீதம் பேருக்கு குடல், வயிறு சார்ந்த பாதிப்பு வந்தது. வெறும் செலிகாக்சிப் சாப்பிட்டவர்களில் 0.9 சதவீதம். பெரும்பாலும் சத்தமில்லாமல் ரத்தம் கசிந்து ஹீமோகுளோபின் இறங்கிய கேஸ்கள்.

சாப்பிட்டபின் போட்டால் வயிறு எரியாது, உண்மை. ஆனால் புண் வருவது மாத்திரை வயிற்றில் உரசுவதால் மட்டும் அல்ல, ரத்தத்தில் கலந்து காவல் சுரப்பை நிறுத்துவதாலும்தான். அதனால் 'ஊசி போட்டுக்கிட்டா வயித்துக்கு ஒண்ணும் ஆகாது' என்பதும் தப்பு. ஆஸ்பிரின் 75 கூட இருந்தால் செலிகாக்சிப்பின் வயிற்று நன்மையிலும் பெரும்பகுதி போய்விடும், அப்போது அதற்கும் பான்டோப்ரசோல் துணை வேண்டும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், அதைச் சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கிட்னிக்கு மட்டும் யாரும் நல்லவர் இல்லை

காவிரிக் கரைக்காரனாகச் சொல்கிறேன். வயலுக்கு நீர் வரும் மடை ஒன்று, வடியும் மடை ஒன்று. வலி மாத்திரை உள்மடையைச் சுருக்குகிறது. டெல்மிசார்டான், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் வடிமடையைத் திறந்துவிடுகின்றன. நீர் மாத்திரை வாய்க்காலிலேயே தண்ணீரைக் குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வயலில் என்ன நிற்கும்? கிட்னி வடிகட்டுவதற்கு அழுத்தமே இருக்காது. பெரியம்மாவின் டப்பாவில் மூன்றும் இருந்தன. கிட்னி சரியாக வடிகட்டாதபோது ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் ஏறிக் கால் வீங்கிய பிறகுதான் தெரிந்தது. இந்த இடத்தில் டைக்ளோஃபினாக்கா, செலிகாக்சிப்பா என்ற போட்டிக்கே வேலையில்லை. கிட்னி ஏற்கெனவே பலவீனமானவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடக்கூடாது. வாந்தி, பேதி, கடும் வெயிலில் நீர் வற்றிய நாட்களில் மற்றவர்களும் நிறுத்திவைத்துவிட்டு டாக்டரைக் கேட்பது நல்லது. மழைக்காலக் காய்ச்சலிலும் அப்படியே. டெங்குவாக இருந்தால் இந்த மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும், அப்போது பாராசிட்டமால் மட்டும்தான்.

அப்புறம், முடக்குவாதக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மாத்திரைகள் வலியை மறைக்கும், மூட்டு அரிப்பை நிறுத்தாது. அதை நிறுத்துவது மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்து. வலி போய்விட்டதென்று அதை விட்டுவிட்டு இதைத் தொடர்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், விரல்கள் கோணிப்போகின்றன. இரண்டும் சேரும்போது ரத்தப் பரிசோதனை தவறக் கூடாது. கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் தனியாகப் பேசி முடிவெடுக்க வேண்டும்.

யாரும் போட்டியில் சேர்க்காத டியூப்

டைக்ளோஃபினாக் ஜெல்லை 'சும்மா தேய்க்கிறது' என்று ஒதுக்குகிறார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் தந்த வழிகாட்டலில் முட்டித் தேய்மானத்துக்கு முதலில் சொல்வதே பூசும் மருந்தைத்தான், மாத்திரை அதற்குப் பிறகு. ஒரு முட்டிக்கு 4 கிராம் வீதம் நாளைக்கு நாலு தடவை பூசினாலும் ரத்தத்தில் சேர்வது, மாத்திரையில் சேர்வதில் ஏறக்குறைய 6 சதவீதம்தான். பலனில்லை என்கிறவர்கள் பெரும்பாலும் பட்டாணி அளவு எடுத்து, வலித்த அன்றைக்கு மட்டும் தேய்த்தவர்கள். இடுப்பு மூட்டுக்கு இது எட்டாது, ஆழம் அதிகம். முட்டிக்கும் கை விரலுக்கும் எட்டும். மெத்தில் சாலிசிலேட் கலந்த ஜெல்லை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் தவிர்க்க வேண்டும்.

என்னிடம் கேட்டால் வரிசை இதுதான். முட்டி என்றால் முதலில் டியூப். அது போதாமல் வயிறும் கிட்னியும் நன்றாக இருந்து நெஞ்சில்தான் கவலை என்றால், பான்டோப்ரசோல் துணையோடு நாப்ராக்சென் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வயிற்றுப் புண் வந்தவர், இதயம் சரியாக இருப்பவர் என்றால் செலிகாக்சிப் 200. நெஞ்சும் வயிறும் இரண்டும் கெட்டிருந்தால் மாத்திரை வேண்டாம் என்ற பக்கமே நான் நிற்பேன். டைக்ளோஃபினாக் இளவயதில் நாலு நாள் சுளுக்குக்கு இருக்கட்டும்.

பெரியம்மாவுக்கு டாக்டர் இரண்டு அட்டையையும் நிறுத்திவிட்டு ஜெல்லும் தொடைத் தசைக்குப் பயிற்சியும் எழுதினார். மூன்று வாரத்தில் கிரியாட்டினின் இறங்கியது. வலி முழுதாகப் போகவில்லை, மாடிப்படி ஏறும்போது இன்னும் முனகுகிறார். நேற்று கடைக்கு வந்து, "அந்தப் பழைய மாத்திரை ரெண்டே ரெண்டு கொடேன், கல்யாணத்துக்குப் போறேன்" என்றார். டியூப் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். முறைத்துக்கொண்டே வாங்கிப் போனார்.