எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம்: புதன்கிழமை தடுப்பூசி

ஊசிக்கு ஐந்து நட்சத்திரம், உட்காரும் இடத்துக்கு ஒன்று. கூட்டிக் கழித்து நான்கு கொடுக்கிறேன்.

பாப்பாவுக்கு ஒன்றரை மாத ஊசி போடப் போயிருந்தோம். புதன்கிழமை மட்டும்தான் போடுகிறார்கள், காசு கிடையாது. அட்டையை மறந்துவிடாதீர்கள். வாயில் போலியோ சொட்டு மருந்து, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து. ஒரு தொடையில் பென்டா (கக்குவான் உட்பட ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி), மறு தொடையில் நிமோனியா ஊசி. கையில் சின்னதாக ஒரு போலியோ ஊசி. பாப்பா வீறிட்ட வீறலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

பென்டா குப்பியைக் கையில் எடுத்த நர்ஸம்மா, நான் கேட்காமலே லேபிளைக் காட்டினார். வட்டத்துக்குள் ஒரு குட்டிச் சதுரம். சதுரம் வெளுப்பாக இருந்தால் மருந்து நல்லது. சூடுபட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கே வந்துவிட்டால் போடக் கூடாதாம். எங்கள் குப்பியில் பளிச்சென்று வெள்ளை.

பிறந்தபோது இடது தோளில் போட்ட பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி, இப்போது போய்ச் சீழ்க் கொப்புளமாக எழும்பியிருந்தது. அத்தை மஞ்சள் பற்றுப் போடலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நர்ஸம்மா பார்த்துவிட்டு, “ஒண்ணும் தடவாதீங்கம்மா, கட்டும் போடாதீங்க. ஊசி வேலை செய்யுது, அவ்வளவுதான்” என்றார். அந்த ஊசியில் இருப்பது வீரியம் குறைத்த, ஆனால் உயிருள்ள கிருமி. வெள்ளணுக்கள் அதைச் சூழ்ந்துகொண்டு சண்டை போடுவதன் அடையாளம்தான் கொப்புளம். தானாக ஆறி, நம் தோளில் இருக்கிற மாதிரி ஒரு தழும்பு நிற்கும். அத்தை தன் ஜாக்கெட் கையை ஏற்றித் தழும்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

ராத்திரி காய்ச்சல் வரும் என்று முன்கூட்டியே சொல்லி, எடைக்கு ஏற்ற அளவு பாரசிட்டமால் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். வந்தது, காலையில் விட்டது. பென்டாவில் கக்குவான் இருமல் கிருமியை முழுசாகக் கொன்று சேர்த்திருப்பதால் உடம்பு கொஞ்சம் ஆவேசப்படும். தனியாரில் ‘வலியில்லா ஊசி’ என்று ஆயிரக்கணக்கில் வாங்குவதில் அந்தக் கிருமியின் சில புரதங்கள் மட்டும் இருக்கும். காய்ச்சல் குறைவு, ஆனால் கக்குவானுக்கு எதிரான காப்பும் சீக்கிரம் தேய்கிறது. வீட்டுக்காரருக்கு இதைப் புரியவைக்க ஒரு சாயங்காலம் ஆனது.

குறை? ஊசிக்குப் பின் அரை மணி நேரம் இருக்கச் சொல்கிறார்கள், சரி. ஆனால் இத்தனை தாய்மாருக்கும் ஒரே பெஞ்சு, அதுவும் ஆடுகிறது. இரண்டரை மாத ஊசிக்குள் பால் கொடுக்க ஒரு திரையாவது கட்டினால் ஐந்தாக மாற்றிவிடுகிறேன்.