ஸ்டாஃப் நர்ஸுங்களுக்கான ஞாயிறு மருந்து கிளாஸ், போலாமா வேண்டாமா?

மதுரையில ஸ்டாஃப் நர்ஸுங்களுக்குன்னே ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு பார்மகாலஜி கிளாஸ் நடக்குது. நர்சிங் காலேஜ்ல பல வருஷம் பாடம் எடுத்து ரிட்டயர் ஆன ஒரு மேடம் நடத்துறாங்க, ரெண்டு ஞாயிறு, காலைல ஒம்பதரைலேருந்து சாயங்காலம் நாலு வரைக்கும், ஃபீஸ் 1500 ரூபா, மதிய சாப்பாடும் அதுலயே அடக்கம். நான் போய்ட்டு வந்ததுலேருந்து கூட வேலை பாக்குற பிள்ளைங்க எல்லாம் கேக்குறது ஒண்ணுதான், காலேஜ்ல படிச்சதத்தானே திரும்ப சொல்லப்போறாங்க, எதுக்கு காசு குடுத்து போகணும்னு. அதனால கொஞ்சம் விளக்கமாவே எழுதுறேன்.

காலேஜ்ல நாம படிச்ச விதம் வேற. ஆக்‌ஷன், டோஸ், சைடு எஃபெக்ட், நர்ஸோட பொறுப்புன்னு கட்டம் போட்டு எழுதி மனப்பாடம் பண்ணோம், எக்ஸாம் முடிஞ்சதும் மறந்தோம். இந்த மேடம் ஆரம்பிக்கிறதே வார்டுல நம்ம கையில இருக்கிற சாமான்லேருந்துதான். முதல் மணி நேரம் முழுக்க ரெண்டே ரெண்டு இன்சுலின் சிரிஞ்சு, ஒண்ணு செவப்பு மூடி, ஒண்ணு ஆரஞ்சு மூடி. நம்ம ஊர்ல வயல்ல, அதாவது சின்ன மருந்து குப்பியில, வர்ற இன்சுலின் பெரும்பாலும் ஒரு எம்எல்லுக்கு 40 யூனிட், அதுக்கு செவப்பு மூடி. பேனா கார்ட்ரிட்ஜ், அப்புறம் சில வயல் எல்லாம் எம்எல்லுக்கு 100 யூனிட், அந்த வயலுக்கு ஆரஞ்சு மூடி. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு நாங்க உக்காந்திருந்தோம். காலி வயல்ல தண்ணி ஊத்தி ஆளுக்கு ஒண்ணு குடுத்து, ரெண்டு சிரிஞ்சுலயும் 20ங்கிற கோடு வரைக்கும் இழுக்க சொல்லி, அதைத் தனித்தனியா 2 எம்எல் சிரிஞ்சுல விட்டுப் பாக்க சொன்னாங்க. செவப்புல இழுத்தது அரை எம்எல் இருக்கு, ஆரஞ்சுல இழுத்தது 0.2 எம்எல்தான். அப்ப 100 யூனிட் இன்சுலினை செவப்பு சிரிஞ்சுல 20 கோடு வரைக்கும் இழுத்தா பேஷண்ட் உடம்புக்குள்ள போறது 50 யூனிட். மாத்தி, 40 வயலுக்கு ஆரஞ்சு சிரிஞ்சு எடுத்தா 8 யூனிட்தான் போகும், சுகர் இறங்கலையேன்னு டாக்டர் டோஸை ஏத்திக்கிட்டே போவாரு, இன்னொரு நாள் வேற ஸ்டாஃப் சரியான சிரிஞ்சுல அதே டோஸைப் போடும்போது பேஷண்ட் மயங்கி விழுவாங்க. கண்ணால பாத்ததுக்கப்புறம் அது மறக்கவே மறக்காது.

அதோட விடல. ரெகுலர் இன்சுலின் போட்டு அரை மணி நேரத்துல வேலை செய்ய ஆரம்பிக்கும், 2லேருந்து 4 மணி நேரத்துல உச்சம். நைட் ஸ்டாஃப் காலைல ஏழு மணிக்குப் போட்டுட்டு ஹேண்ட் ஓவர் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுறாங்க, சுகர் தரை தட்டுறது ஒம்பது பத்து மணிக்கு, அந்த பேஷண்ட்டை ஸ்கேனுக்காக சாப்பிடாம வச்சிருந்தா என்ன ஆகும்னு கேட்டாங்க. ரூம்ல சத்தமே இல்ல. மருந்து எப்ப உச்சத்துக்குப் போகும்னு தெரிஞ்சவங்கதான் ஹேண்ட் ஓவர்ல "இன்சுலின் போட்டாச்சு, இன்னும் சாப்பிடல, பாத்துக்கங்க"ன்னு சொல்லுவாங்க. எனக்கு இந்தக் கிளாஸோட அருமையே இந்த இடம்தான்.

சரியான பேஷண்ட், மருந்து, டோஸ், வழி, நேரம்னு அஞ்சையும் நாம எல்லாரும் ஒப்பிப்போம். மருந்து என்ன செய்யும்னு தெரியலைன்னா அந்த அஞ்சும் சும்மா டிக் அடிக்கிறதுதான்னு மேடம் அடிச்சு சொன்னாங்க. அதுக்கு அமெரிக்காவுல நாஷ்வில்ல 2017ல நடந்த கேஸை எடுத்தாங்க. ஸ்கேன் மெஷினுக்குள்ள போக பயந்த ஒரு வயசான அம்மாவுக்கு பயத்தைத் தணிக்கிற மிடசோலம் குடுக்கணும், அதோட பிராண்டு பேரு வெர்செட். நர்ஸ் மருந்து அலமாரி மெஷின்ல அந்த பிராண்டு பேரோட முதல் ரெண்டு எழுத்தைத் தட்டி, வெக்குரோனியத்தை எடுத்துட்டாங்க, அது மூச்சு விடுற தசையையே முடக்குற மருந்து. அந்தம்மா இறந்துட்டாங்க, 2022ல கோர்ட்டு அந்த நர்ஸைக் குற்றவாளின்னு சொல்லி மூணு வருஷம் நன்னடத்தை கண்காணிப்புல வச்சுது. இதுல மேடம் நிறுத்தி நிதானமா சொன்ன விஷயம், மிடசோலம் தண்ணி மாதிரி ரெடியா வர்ற மருந்து, வெக்குரோனியம் பவுடர், கலக்கித்தான் போடணும். மிடசோலம் பவுடரா வராதேன்னு அந்த இடத்துல கை நின்னிருந்தா அந்தம்மா பொழச்சிருப்பாங்க. மெஷினும் நர்ஸும் மட்டும் இல்ல, அந்த ஆஸ்பத்திரி நடைமுறையிலயும் ஓட்டை இருந்துச்சுன்னும் சொன்னாங்க, அது நியாயமான பேச்சு.

அடுத்து கேசிஎல், அதாவது பொட்டாசியம் குளோரைடு. 10 எம்எல் ஆம்ப்யூல்ல (உடைச்சு எடுக்குற கண்ணாடிக் குப்பி) 20 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம், நேரா ஐவி புஷ்ஷா ரத்தக்குழாய்ல ஏத்தினா இதயம் நின்னுடும், இது எல்லாருக்கும் தெரியும். தெரியாத விஷயம் இன்னொண்ணு. ஸ்டாண்டுல தொங்குற பாட்டில்லயே கேசிஎல்லை ஏத்திட்டு கலக்காம விட்டா என்ன ஆகும்னு, கேசிஎல்ல ஒரு சொட்டு இங்க் கலந்து ஏத்திக் காட்டினாங்க. நீலமா அப்படியே கீழ இறங்கி பாட்டில் கழுத்துல உக்காருது, மேல எல்லாம் வெள்ளத் தண்ணி. டிரிப் ஓப்பன் பண்ணா மொத்தமா அதுதான் முதல்ல போகும். மருந்தைச் சேக்கும்போது டிரிப்பை மூடிட்டு, பாட்டிலைக் கழட்டித் தலைகீழா பல தடவை திருப்பித்தான் மாட்டணும். பக்கத்துல உக்காந்திருந்த ஐசியூ சிஸ்டர் அந்த பாட்டிலை போன்ல படம் புடிச்சுக்கிட்டாங்க.

மேக்சல்ஃப், அதாவது கர்ப்பிணிங்களுக்கு வர்ற வலிப்புக்குப் போடுற மெக்னீசியம் சல்ஃபேட், அந்தப் பகுதிக்காகவே பிஎச்சிலேருந்து (ஆரம்ப சுகாதார நிலையம்) வந்த பிள்ளைங்க இருந்தாங்க. 50 சதவீத ஆம்ப்யூல் 2 எம்எல்ல 1 கிராம், ரெஃபர் பண்றதுக்கு முன்னாடி ஒரு பக்கம் 5 ஆம்ப்யூல், இன்னொரு பக்கம் 5 ஆம்ப்யூல்னு ஆழமா தசையில போடுற 10 கிராம் கணக்கு எல்லாம் அவங்களுக்கு அத்துபடி. ஆனா 4 மணி நேரத்துக்கு ஒருக்கா அடுத்த டோஸுக்கு முன்னாடி முட்டியத் தட்டிப் பாக்கறது, மூச்சு நிமிஷத்துக்கு 16க்கு குறையாம இருக்கா, யூரின் மணிக்கு 30 எம்எல் வருதான்னு பாக்கறது எதுக்குன்னு இங்கதான் கோர்வையா புரிஞ்சுது. மெக்னீசியம் வெளிய போற வழி கிட்னி ஒண்ணுதான், யூரின் கொறஞ்சா மருந்து உள்ளயே தேங்கும், தேங்குனா முதல்ல போறது முட்டியோட துள்ளல், அதுக்கப்புறம்தான் மூச்சு. கால் துள்ளலைன்னா அடுத்த டோஸ் கிடையாது, டாக்டரைக் கூப்பிடணும். அதுக்கு முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் 10 எம்எல் ட்ரேயில ரெடியா இருக்கணும்.

மத்ததெல்லாம் கொஞ்சம் வேகமா ஓடுச்சு. வலிப்பு மருந்து ஃபெனிட்டாயினை நார்மல் சலைன்ல மட்டும்தான் கலக்கணும், டெக்ஸ்ட்ரோஸ்ல கலந்தா படிஞ்சுடும், நிமிஷத்துக்கு 50 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது. செஃப்ட்ரியாக்ஸோன்ங்கிற ஆன்டிபயாடிக்கை ஆர்எல்லோட (ரிங்கர் லாக்டேட் டிரிப்) சேக்கக்கூடாது. மூக்கு வழியா வயித்துக்கு ரைல்ஸ் டியூப் போட்ட பேஷண்ட்டுக்கு ரிட்டார்ட் மாத்திரையைப் பொடிச்சுப் போட்டா ஒரு நாள் முழுக்க மெதுவா போக வேண்டியது ஒரே நேரத்துல போகும். மருந்தால ஏதாவது ஆனா நர்ஸே ரிப்போர்ட் பண்ணலாம், அதுக்கு 1800-180-3024ன்னு அரசாங்க இலவச நம்பர் இருக்குன்னு சொன்னதும் பாதி பேரு குறிச்சுக்கிட்டோம், எங்க வார்டுல இதை யாரும் சொன்னதில்ல.

இனி குறை. குழந்தைங்க டோஸ் கணக்கை ரெண்டாவது ஞாயிறு கடைசி அரை மணி நேரத்துல தள்ளிட்டாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். பாராசிட்டமால் டிராப்ஸ் 1 எம்எல்ல 100 மில்லிகிராம், சிரப் 5 எம்எல்ல 125, இன்னொரு சிரப் 5 எம்எல்ல 250, அப்ப 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம்னா முறையே ஒன்றரை, ஆறு, மூணு எம்எல்னு ஒரு கணக்கு போட்டாங்க, அருமையா இருந்துச்சு, அதோட முடிஞ்சுது. பச்சக் குழந்தைக்கு மருந்தை டைல்யூட் பண்றத தொடவே இல்ல. அதே சமயம் சொட்டு எண்ற கணக்குக்கு, ஒரு எம்எல்லுக்கு 20 சொட்டு விழுற டிரிப் செட்டுல 500 எம்எல் 4 மணி நேரத்துக்குன்னா நிமிஷத்துக்கு 42ன்னு, ஒரு மணி நேரம் போச்சு. நோட்ஸும் கருப்பு வெள்ளை ஜெராக்ஸ். செவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும் அதுல ஒரே கருப்பு, அந்த ஒரு பக்கத்தையாவது கலர்ல குடுத்திருக்கணும்.

நைட்ல ஒரு வார்டுக்கு ஒரே ஸ்டாஃப், இன்னொருத்தரை வச்சு செக் பண்ணுங்கன்னா யாரைக் கூப்பிடறதுன்னு ஒரு பொண்ணு கண்ணு கலங்கக் கேட்டுச்சு. எல்லா மருந்துக்கும் வேண்டாம்மா, இன்சுலின், ரத்தம் உறையாம இருக்கப் போடுற ஹெப்பாரின், கேசிஎல், மேக்சல்ஃப் இதுக்கு மட்டும் பக்கத்து வார்டு சிஸ்டரைக் கூப்பிடுங்க, வர முடியலைன்னா போன்லயாவது ஆம்ப்யூல்ல இருக்கிறத எழுத்து எழுத்தா படிச்சுக் காட்டுங்கன்னாங்க மேடம். ஆள் போட வேண்டியது நிர்வாகம்தான், அதையும் கூச்சப்படாம சொன்னாங்க.

புதுசா வேலைக்கு சேந்தவங்க, ஓபிலேருந்து வார்டுக்கு மாறி வந்தவங்க கண்டிப்பா போங்க, 1500க்கு நஷ்டமே இல்ல. ஐசியூவுல பல வருஷம் பழகினவங்களுக்கு ரெண்டாவது ஞாயிறு கொஞ்சம் மெதுவா தெரியும். குழந்தைங்க வார்டுல இருக்கிறவங்க இப்போதைக்கு பொறுங்க, அதுக்குன்னு தனியா ஒரு நாள் வைக்க சொல்லி மேடம்கிட்ட கேட்டிருக்கேன், இருபது பேரு சேந்தா வைக்கிறேன்னு சொல்லிருக்காங்க. வர்ற எண்ணம் இருக்கிறவங்க சொல்லுங்க, சேந்து போய் கேப்போம்.