தம்பலகாமம் புகையிரத நிலையத்திற்கு ஒரு மூன்றாம் வகுப்புப் பயணம்

திருகோணமலையிலிருந்து தம்பலகாமத்திற்கு எப்போதும் பேருந்தில் போய்வரும் நான், அண்மையில் புகையிரதத்திற்கு மூன்றாம் வகுப்புப் பயணச்சீட்டு எடுத்தேன். அவசர அலுவலாகச் செல்பவருக்கு இச்சேவை பொருந்தாது. நாளொன்றுக்கு ஓடும் வண்டிகள் மிகச் சில, ஒன்றைத் தவறவிட்டால் பேருந்தைத்தான் நாட வேண்டும். ஆயினும், இந்தப் பாதை எந்த நிலத்தை எந்த நிலத்தோடு இணைத்தது என்பதைக் கண்ணால் கண்டு அறிய விரும்புபவர் ஒருமுறையேனும் இதில் செல்ல வேண்டும்.

1927ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்த அகலப் பாதை, கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையிலிருந்து பிரிந்து, கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனன்குடா வழியாக வந்து திருகோணமலையில் முடிகிறது. பிரித்தானியக் கடற்படை பெரிதும் மதித்த இயற்கைத் துறைமுகம் கொழும்போடு இணைந்தபோது, இடையிலிருந்த வயலூர்களுக்கும் நிலையங்கள் கிடைத்தன. எனக்கு அதுவே இந்தப் பாதையின் பெரும்பேறாகத் தோன்றுகிறது. சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் இன்றும் காட்டுக்குள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் நடத்திய தாக்குதலுக்கு அப்பகுதியும் உள்ளானது.

சீனன்குடாவைத் தாண்டியதும் காட்சி மாறி, குளக்கோட்டன் என்னும் மன்னனின் கதையோடு எம்மவர் சேர்த்துப் பேசும் கந்தளாய்க் குளத்தின் நீரால் விளையும் தம்பலகாமத்து வயல்கள் விரியத் தொடங்குகின்றன. 1622இல் போர்த்துக்கேயர் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்த பின்னர், அதன் வழிபாட்டு மரபு இவ்வூரின் ஆதிகோணநாயகர் ஆலயத்தில் தொடர்ந்தது என்பதையும் அறிந்து இறங்கினால், இச்சிறிய நிலையம் வெறும் தரிப்பிடமாகத் தெரியாது. என் அம்மம்மா எருமைத் தயிர்ச் சட்டிகளை வைக்கோல் சுற்றி அடுக்கிக்கொண்டு இங்கிருந்துதான் பட்டணத்துக்கு வண்டியேறுவார். சட்டி ஆடாமல் இருக்கப் புகையிரதமே நல்லது என்று அவர் சொல்வதை, பேருந்தின் குலுக்கலுக்குப் பழகிய நான் அன்று முழுமையாக ஒப்புக்கொண்டேன்.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் இப்பாதையின் சேவை பலமுறை தடைப்பட்டது. அந்த ஆண்டுகளில் வளர்ந்த எங்களுக்கு, வண்டி வரும் ஓசையே ஓர் ஆறுதல். ஒற்றைத் தண்டவாளம் என்பதால், அடுத்த நிலையம் வழிவிடும் வரை வண்டி புறப்பட இயலாது. காத்திருப்பைத் தாமதமாகக் கருதுவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். கட்டணம் குறைவு, காற்றோட்டம் தாராளம், முதியோருக்கு நடமாட இடமுண்டு.

சன்னலோர இருக்கைக்குச் சற்று முன்னதாகவே நிலையத்திற்குச் செல்லுங்கள். தம்பலகாமத்தில் இறங்கியவுடன் திரும்பும் வண்டியின் நேரத்தை நிலைய அதிபரிடம் கேட்டறிந்து, பின்னர் கோயிலுக்கு முச்சக்கரவண்டி பிடியுங்கள்.