கம்பெனி போனா, சொந்த போனா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆர்டர் நிலவரம், நூல் ஸ்டாக், பையர் மெயில் எல்லாம் இப்போது போனுக்கு வந்துவிட்டன. அதை ஊழியரின் சொந்த போனில் கொடுப்பதா, கம்பெனியே போன் வாங்கித் தருவதா?

செலவு
சொந்த போன்: வாங்கும் செலவு இல்லை. ரீசார்ஜுக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுப்பதுதான் நியாயம்.
கம்பெனி போன்: போன், சிம், ரிப்பேர் எல்லாம் முதலாளி தலையில்.

பாதுகாப்பு
சொந்த போன்: விலைப் பட்டியலும் குடும்பப் படமும் ஒன்றாகக் கிடந்தால், மெர்ச்சண்டைசர் (பையர் ஆர்டரைக் கவனிக்கும் ஊழியர்) வேலையை விட்டுப் போகும்போது எதை அழிப்பது? இதற்குத்தான் ஆண்ட்ராய்டில் 2014-இல் வந்த 5.0 பதிப்பு முதல் 'ஒர்க் புரொஃபைல்' இருக்கிறது. அலுவலக ஆப்கள் பெட்டிச் சின்னத்தோடு தனியாக நிற்கும். நிர்வாகம் அந்தப் பகுதியை மட்டும் அழிக்கலாம். சொந்தப் படங்களைப் பார்க்க முடியாது. அது இல்லாமல் வாட்ஸ்அப்பில் எக்ஸெல் அனுப்பினால், போன கோப்பு போனதுதான். இதைப் பல இடங்களில் இன்னும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள், கவலையாக இருக்கிறது.
கம்பெனி போன்: தொலைந்தாலும், நெட் இருந்தால் தூரத்திலிருந்தே பூட்டலாம்.

போன் உழைக்குமா?
நிட்டிங், கட்டிங் பகுதியில் பஞ்சுத் தூசி சார்ஜிங் துளையை அடைக்கும். அங்கே ஊழியரின் போனைப் பாழாக்கச் சொல்வது சரியில்லை.

சாயப்பட்டறைக்கும் ஆபீசுக்கும் அலையும் மெர்ச்சண்டைசருக்கு ஒர்க் புரொஃபைலோடு சொந்த போன் போதும். ஷிப்டுக்கு ஷிப்ட் கை மாறும் ஸ்டோர், பேக்கிங் வேலைக்குக் கம்பெனி போன்தான் சரி.