கீசர் பூட்ட ஆள் கூப்பிடுமுன் இதை வாசியுங்கள்

கன்னியாவில் ஏழு கிணற்றில் வெந்நீர் ஊறுகிற திருகோணமலையில் கீசர் எதற்கென்று சிநேகிதர்கள் சிரித்தார்கள். மார்கழி மழையில் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருப்பதை அவர்கள் பார்த்ததில்லை. 30 லீற்றர், 3 கிலோவாட் கீசர் ஒன்று வாங்கினேன். பூட்டுவதற்குத் தெரிந்தவர் ஒருவர் ஆள் அனுப்பினார்.

உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கு த்ரீ பேஸ் கரண்ட், அதாவது கரண்ட் மூன்று வயரில் வரும். மாடி அறைகளை வெள்ளைக்காரருக்கு விடும் எண்ணத்தில், ஏசிக்காக எடுத்தது. வந்தவர் அரை நாளில் வேலையை முடித்து, 12,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அன்று பின்னேரம் தண்ணீர் எட்டு நிமிடத்தில் கொதிக்கிற மாதிரிச் சுட்டது. போன் எடுத்துச் சொன்னேன். "த்ரீ பேஸ் லைன்தானே அண்ணா, கெதியாச் சுடும்" என்றார். நானும் அதை நம்பி நாலு பேரிடம் பெருமை அடித்தேன். 3 கிலோவாட்டில் 30 லீற்றர் சுட இருபது நிமிடமாவது வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

ஒன்பதாம் நாள் பாத்ரூமில் பிளாஸ்டிக் கருகும் மணம். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, சீனக்குடாப் பக்கம் வயரிங் வேலை செய்கிற மச்சானைக் கூப்பிட்டேன். கீசர் மூடியைக் கழற்றினான். சூடு அளவானதும் கரண்டை நிறுத்துகிற தெர்மோஸ்டாட்டின் ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது. மெயினைப் போட்டு டெஸ்டரை வைத்தான். ஒரு முனையில் எரிந்தது, சரி. மற்ற முனையிலும் எரிந்தது, அங்கே எரியக்கூடாது. கீசர் சுவிட்சை நிறுத்தியபிறகும் அந்த இரண்டாவது முனை அணையவில்லை. சுவிட்சைப் போட்டு மீட்டரில் பார்த்தால் 402 வோல்ட்.

நடந்தது இதுதான். எங்கள் வீட்டு வயரிங் பழையது. அதில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ் (கரண்ட் வருகிற வயர்), கறுப்பு நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகிற வயர்). இப்போது கடையில் வாங்குகிற வயரில் மண்ணிறம் பேஸ், நீலம் நியூட்ரல். அந்த மனிதர் ஜொயின்ட் பெட்டிக்குள் நீலத்தை நீலத்தோடு முறுக்கிவிட்டார். 230 வோல்ட்டுக்குச் செய்த கீசர் இரண்டு பேஸுக்கு நடுவே, 400 வோல்ட்டில் ஓடியிருக்கிறது. வோல்ட் ஒன்றேமுக்கால் மடங்கானால் சூடு மூன்று மடங்கு. 3 கிலோவாட் 9 கிலோவாட்டாகி, 13 அம்பியருக்குப் பதில் 23 அம்பியரளவு இழுத்திருக்கிறது.

"பிரேக்கர் விழவில்லையே?" என்று கேட்டேன். 20 அம்பியர் பிரேக்கர் 23 அம்பியரை மணிக்கணக்கில் தாங்குமாம். கரண்ட் கசிந்தால் விழுகிற ட்ரிப் சுவிட்சும் பேசாமல் இருந்தது. ஒரு பேஸில் போன கரண்ட் மற்றப் பேஸில் முழுதாகத் திரும்பி வந்தால் அதற்குக் கசிவு தெரியாது; கரண்ட் நிலத்துக்குப் போனால்தான் அது விழும்.

எனக்கு இன்னும் ஆறாதது, கசிகிற கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோகிற எர்த் வயர் விஷயம். பச்சை மஞ்சள் வயரை வெட்டி, டேப் சுற்றி, கீசருக்குப் பின்னால் சொருகியிருந்தது. அம்மா குளிக்கிற இடம் அது.

மச்சான் மண்ணிறத்தைச் சிவப்போடும் நீலத்தைக் கறுப்போடும் கட்டினான். பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாய் அறுக்கிற டபிள் போல் சுவிட்ச் போட்டான். எர்த்தைக் கீசரில் இறுக்கினான். எங்கள் மணல் நிலத்துக்குப் பழைய எர்த் கம்பி போதாது என்று இன்னொன்றும் அடித்தான். கடைசியாக மீட்டரை என் கையில் தந்து, இரண்டு வயருக்கும் இடையில் என்னையே பார்க்கச் சொன்னான்: 231. உங்கள் வீட்டிலும் சுவிட்சைப் போடுமுன் வேலை செய்தவரிடம் இந்த ஒரு அளவைக் காட்டச் சொல்லுங்கள். மீட்டர் இல்லை என்று சொல்கிறவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தெர்மோஸ்டாட் புதிதாய்ப் போட்டேன். வோல்ட் கூடி எரிந்ததற்கு வாரண்டி இல்லை என்று கடையில் சொல்லிவிட்டார்கள். பூட்டியவர் "கீசர் பிழை அண்ணா" என்றார். பிறகு போன் எடுக்கவில்லை.

எங்கள் ஒழுங்கையில் இன்னும் இரண்டு வீட்டில் அவர்தான் கீசர் பூட்டியிருக்கிறார். ஒரு வீட்டில் போய்ச் சொல்லிவிட்டேன். மற்றது பூட்டிக் கிடக்கிறது, ஆட்கள் கனடாவில். சாவி வைத்திருப்பவர் யாராவது இதை வாசித்தால், ஆட்கள் வந்து இறங்குமுன் அந்த வீட்டு மெயின் சுவிட்சை நிறுத்தி வையுங்கள்.